கையெழுத்திடாத 31 பேர்

கலிபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழுவினருக்கு,

வணக்கம். 1949இல் உங்களுக்கு முன் அந்த நாற்காலிகளில் இருந்தவர்கள், ‘நான் கம்யூனிஸ்ட் கட்சிக்காரன் அல்ல’ என்று பேராசிரியர்களிடம் எழுதி வாங்கக் கிளம்பினார்கள். கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டு வேலை. பிள்ளைகுட்டிக்காரர்கள் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுத்தவர்களில் ஒருவர் வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கான்டோரோவிச். முதல் உலகப்போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர். பிறகு ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த யூதர். நீதிபதி, பாதிரியார், அறிஞர் ஆகிய மூவருக்குத்தான் அங்கி அணியும் உரிமை உண்டு, அந்த அங்கி மனச்சாட்சிக்கும் கடவுளுக்கும் நேரடியாகப் பொறுப்பாக இருப்பதன் அடையாளம் என்று வாதாடினார். அவரிடம் போய்க் கம்யூனிஸ்டா என்று கேட்டார்கள்!

1950 ஜூலையில், கையெழுத்திடாதவர்களில் ஆசிரியர் குழு விசாரித்துச் சரி என்றவர்களை வைத்துக்கொள்ள ஆட்சிக்குழு முடிவெடுத்தது: ஆதரவு 10 வாக்கு, எதிர்ப்பு 9. ஆகஸ்டில் அதையே புரட்டி, 31 பேரை வெளியேற்றினார்கள்: ஆதரவு 12 வாக்கு, எதிர்ப்பு 10. அவர்களில் யார்மீதும் கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டு இல்லை. சொன்னபடி கேட்கவில்லை, அவ்வளவுதான் குற்றம். ஆட்சிக்குழுவில் இருந்த மாநில ஆளுநர் ஏர்ல் வாரன்கூட நீக்கத்தை எதிர்த்தே வாக்களித்தார்.

உளவியலாளர் எட்வர்ட் டோல்மன் முன்னின்று நடத்திய வழக்கில் 1952இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. ஆனால் மனச்சாட்சிக்காக அல்ல. அரசு ஊழியர் எல்லாருக்கும் மாநிலமே ஓர் உறுதிமொழியைச் சட்டமாக்கிவிட்டது, பல்கலைக்கழகம் தனியாக ஒன்று வைக்க முடியாது என்பதுதான் காரணம். ஆக, திரும்பி வந்தவர்கள் முன் இன்னொரு தாள் காத்திருந்தது. அதிலிருந்த கம்யூனிச எதிர்ப்பு வாசகங்கள் 1967இல்தான் நீதிமன்றத்தில் அடிபட்டுப்போயின.

நீக்கப்பட்டவர்களில் இளைஞரான இயற்பியலாளர் டேவிட் சாக்சன், 1975இல் உங்கள் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். டோல்மன் பெயரில் உங்கள் பெர்க்லி வளாகத்தில் ஒரு கட்டடம் எழுந்தது. அதையும் இடித்தாயிற்று.

அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்ற உறுதிமொழித் தாளை, வேலைக்குச் சேரும் குடிமக்களிடம் இன்றும் நீட்டுகிறீர்கள். அதை எடுத்துவிடுவது உங்கள் கையில் இல்லை, தெரியும். கூடவே ஒரே ஒரு பக்கத்தை வைக்கலாம்: அந்த 31 பேரின் பெயர்கள், ஆகஸ்ட் தீர்மானம், யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பட்டியல். வருகிற கல்வியாண்டிலிருந்து அதைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்