அத்தைக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரக் கோயில் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

போன மாதம் என் அத்தையை வங்கிக்கு அழைத்துப் போனேன். வயது 76. கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தார். இயந்திரம் ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்புறம் அடுத்த கை, அடுத்த விரல். எதிலும் ரேகை பதியவில்லை. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் வடியும் மங்கு துடைத்து, வாளி சுமந்த கை அது. "நான்தாங்க, அட்டையில படம் இருக்கே" என்று மெல்லச் சொன்னார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே இருந்தது. திரும்பி வரும்போது, "இனிமே நீயே எடுத்துட்டு வந்துரு தம்பி" என்றார். அந்தப் பேச்சு எனக்குத் தாங்கவில்லை.

அரசாங்க வேலையில் இருந்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. விடியுமுன் இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போன தோட்டத்து ஆளுக்கு ஊழியர் சேமநிதி மட்டும்தான். சம்பளத்தில் ஒரு பங்கு என்பதால், நாள்கூலிக்குத் தகுந்த மாதிரிதான் அதுவும் சேர்ந்தது. வருமானமில்லாத முதியோருக்குச் சமூகநல இலாகா 2025 முதல் மாதம் 600 ரிங்கிட் தருகிறது. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடே கிழவியானவருக்கு அதுவும் கிடையாது.

சரி, பணம் வருகிறது. அதை எடுக்கவும் செலவழிக்கவும் பட்டணத்துக்கு வர வேண்டுமே! பஸ் இல்லாத இடத்தில் யாராவது மோட்டாரில் ஏற்றிவந்தால்தான் உண்டு. பெட்ரோல் காசு என்று 20 ரிங்கிட் கையில் திணிக்க வேண்டும். இல்லையென்றால் அட்டையையும் ரகசிய எண்ணையும் மருமகளிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அத்தை பசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, பேரம் பேசி வாங்குவார். இப்போது யாரோ வாங்கி வந்த மீனைக் கழுவுகிறார்.

உங்களிடம் கேட்பது இதுதான். வேன் உள்ள கோயில்கள் வாரத்தில் இரண்டு காலை, தோட்டங்களிலிருந்து கிளினிக், வங்கி, பசார் வரை ஓட்டுங்கள். கூட ஒரு இளையவர் வரட்டும். விண்ணப்பப் பாரம் எழுதித் தரட்டும், ரேகை பதியாவிட்டால் அதிகாரியிடம் பேசட்டும். அட்டையை மட்டும் அவர் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இலவசமும் வேண்டாம், 2 ரிங்கிட் வாங்குங்கள். காசு கொடுத்து ஏறினால்தான் இவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை. வேனை நான் ஓட்டுகிறேன்.