உமையாளுக்கு அப்பச்சி எழுதியது

உமையாளுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான். நீ போன் எடுக்கவில்லை என்று எழுதவில்லை, வேலையாக இருப்பாய். ஆத்தாதான் எழுதச் சொன்னாள். வாட்ஸ்அப்பில் நீலக் குறி வருகிறதே, அது போதாதா என்று நான்கூடக் கேட்டேன்.

சாப்பாட்டை விடாதே. கையுறை இல்லாமல் நீ ஆராயும் அந்தக் கிருமியைத் தொடாதே.

போன வாரம் முகப்பில் பூச்சு உதிர்ந்த இடத்தைப் பார்க்கக் கொத்தனார் வந்தார். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு என்று பழைய சாந்துக்குக் கணக்குச் சொன்னார். கூலியைக் கேட்டுத் தலை சுற்றியது, அது கிடக்கட்டும். "பாப்பா என்ன டாக்டருங்கய்யா?" என்று கேட்டார். ஊரணிப் படியில் வழுக்குகிறதே, அந்த வழுவழுப்புக்கு டாக்டர் என்றேன். சிரித்தார். நானும் விடவில்லை, நீ சொல்லித் தந்ததை அப்படியே ஒப்பித்தேன். அது கிருமிகள் கூடிக் கட்டிக்கொண்ட வீடு. அதன் சாந்தில் சர்க்கரை வகை உண்டு, புரதம் உண்டு, டிஎன்ஏவும் உண்டு. டிஎன்ஏ செல்லுக்குள் பத்திரமாக இருக்க வேண்டிய சரக்கு. சில கிருமிகள் வெடித்துச் செத்து அதை வெளியே கொட்டிவிடுகின்றன, மற்றவை அதில் ஒட்டிக்கொண்டு பிழைக்கின்றன. கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "செத்ததை வச்சுப் பூசிக்குதா?" என்றார். உன் பேராசிரியர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த சிக்ரி, அதுதான் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நமக்குப் பஸ்ஸில் அரை மணி. கிருமி இரும்பை அரிப்பதை அங்கேயும்தான் ஆராய்கிறார்கள். இங்கேயே சேர்ந்திருக்கலாம். அவ்வளவு தூரம் போய், அந்தக் குளிரில்... சரி, விடு, நான் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடுகிறாய்தானே?

ஆடியில் நீ போன் செய்து அழுதாய். டிஎன்ஏவை வெட்டும் என்சைமை ஊற்றினால் அந்த வழுவழுப்பில் இளம் படலம் கரைகிறது, முற்றியது கரைவதில்லை என்றாய். விட்சர்ச் என்ற ஆராய்ச்சியாளர் அம்மையார் 2002லேயே எழுதியிருக்கிறாராம்: சூடோமோனாஸ் என்ற கிருமியில் 60 மணி நேரப் படலம்வரை கரைந்தது, 84 மணி நேரத்தது பெரிதாக அசையவில்லை. அந்த முற்றியதோடுதான் மூன்று வருஷமாக மல்லுக்கட்டுகிறேன் அப்பச்சி என்றாய். நான் என்ன சொன்னேன்? "அப்ப பட்டம் எப்பம்மா?" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசத்தான் செய்தாய். என் அறுபதாங்கல்யாணச் சாந்திப் பத்திரிகையைப் படம் எடுத்து அனுப்பினேனே, அன்றோடு நின்றது. உன் பெயருக்கு முன்னால் முனைவர் என்று இருந்ததை, அச்சகத்தில் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று ஆத்தாவிடம் சொன்னேன். பொய். ப்ரூஃபில் என் பேனாவால் நான்தான் எழுதிக் கொடுத்தேன். கோயிலில் பங்காளிகள் மூன்று பேர், ஒருவர் மாற்றி ஒருவர், "இன்னுமா படிக்குது?" என்றார்கள். அன்றைக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். ஒரு வருஷமாகவே, கேட்டவர்களிடமெல்லாம் முடித்துவிட்டாள் என்றுதான் சொல்லி வருகிறேன். கொத்தனார் டாக்டர் என்றது வேறெங்கிருந்து வந்தது? என் அறுபதாங்கல்யாணத்துக்கு உன் மூன்று வருஷத்தை எடுத்து நான் பூசிக்கொண்டேன்.

300 பத்திரிகையில் 120 கொடுத்தாயிற்று. மீதியில் தாள் ஒட்டிப் பார்த்தேன், மறைத்தது பளிச்சென்று தெரிகிறது. நேற்று ராத்திரி பட்டாலையில் உட்கார்ந்து பிளேடால் சுரண்டினேன். முதல் ஆறு கிழிந்தது. இப்போது கை பழகிவிட்டது, நாற்பது முடிந்தது. ஆத்தா எழுந்து வந்து பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் விளக்கை மட்டும் கிட்டே நகர்த்தி வைத்தாள். கொடுத்த வீடுகளுக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிடுவேன்.

சீப்புச்சீடையும் மாவுருண்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிள்ளையார் நோன்புக்கு அங்கே நம்மவர்கள் கூடினால் போய் இழை எடுத்துக்கொள். தைக்கு வருவாயா என்று ஆத்தா கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன். படலம் கரையாவிட்டாலும் வா.

கையுறை போட்டுக்கொள்.

அப்பச்சி