வானதிக்கு, கடலில் இறங்கும் முன்

அன்புள்ள வானதி,

வரும் ஜனவரியில் நீங்கள் இருவரும் மலேசியாவின் லங்காவியிலிருந்து தாய்லாந்தின் புக்கெட் வரை பாய்மரப் படகில் போகப்போகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. ஆனால் பேச்சோடு பேச்சாக நீ ஒன்று சொன்னாய்: "படகை அவர் பார்த்துக்குவார்க்கா, நான் சமையலைப் பார்த்துக்குறேன்." அதற்காகத்தான் இந்தக் கடிதம். கணவரோடு கடலுக்குக் கிளம்பும் பெண்கள் பலர் என்னிடம் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

சமையலை நீயே செய், வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் புளிச்சோறு ஐஸ் பெட்டி இல்லாமலும் தாங்கும். ஆனால் படகைக் கையாளத் தெரியாமல் ஏறாதே. இரண்டே பேர் போகும் படகில் ஒருவர் பயணியாக உட்கார்ந்திருந்தால், இன்னொருவர் கடலில் தனியாகப் போகிறார் என்றுதான் அர்த்தம். மாப்பிள்ளை முறையாகப் படித்து சான்றிதழ் வாங்கியவர், நிதானமானவர். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கு ஏதாவது ஆனால் நீ என்ன செய்வாய் என்பதுதான் என் கவலை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் 34 அடிப் படகு நல்ல காற்றில் 5 நாட் வேகத்தில் போகும். வினாடிக்கு இரண்டரை மீட்டர். முன்பக்கம் பாயைச் சரிசெய்யப் போன மாப்பிள்ளை தவறி விழுந்தால், நீ அடுப்பை அணைத்து, படியேறி மேலே வந்து, என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் படகு 150 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அந்தத் தூரத்தில் அலைக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும். ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருந்தால் படகு யாருக்காகவும் நிற்காது, நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்போது செய்ய வேண்டியதை இப்போதே மனப்பாடம் பண்ணிக்கொள். மிதக்கிற எதையும் உடனே எறி; மிதவை வளையம், மெத்தை, எதுவானாலும் சரி. ஜிபிஎஸ்ஸில் ஆள் விழுந்த இடத்தைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்து. ஆட்டோபைலட்டை நிறுத்திவிட்டு, படகின் மூக்கைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பி, காற்றைக் கடந்து மறுபக்கம் கொண்டு வா. முன் பாயின் கயிற்றை அவிழ்க்கவே அவிழ்க்காதே. படகு மறுபக்கம் திரும்பியதும் அந்தப் பாய் தவறான பக்கத்தில் காற்றை வாங்கிக்கொண்டு நிற்கும். படகு வேகம் இழந்து, கிட்டத்தட்ட அந்த இடத்திலேயே தங்கிவிடும். உனக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்புறம் விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் உதவி கேள். இயந்திரத்தை முடுக்குவதற்கு முன் படகைச் சுற்றித் தண்ணீரில் ஏதாவது கயிறு தொங்குகிறதா என்று பார். தொங்கினால் அது படகைத் தள்ளும் அடிவிசிறியில் (புரொப்பல்லர்) சுற்றி, உள்ள இயந்திரமும் போய்விடும். அவர் அருகில் வந்ததும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடு.

தெம்பாக இருக்கும் ஆள் பின்பக்க ஏணியில் தானே ஏறிவிடுவார். தெம்பில்லாத, நனைந்த, 80 கிலோ மனிதரைக் கையால் தூக்க உன்னால் முடியாது, என்னாலும் முடியாது. மெயின் பாயை ஏற்றுகிற கயிற்றை அவர் பாதுகாப்புப் பட்டையில் மாட்டி, வின்ச்சை, அதாவது கயிறு இழுக்கும் உருளையை, சுற்றித்தான் ஏற்ற வேண்டும். இதை ஒரு தண்ணீர் டிரம்மை வைத்துத் துறையிலேயே பழகிப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், விழாமல் இருப்பது. ஒருவர் கீழே தூங்கும்போது மேலே இருப்பவர் பாதுகாப்புப் பட்டையும் கொக்கியும் இல்லாமல் முன்பக்கம் போகக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள். வெட்கப்படாமல் மாப்பிள்ளையிடம் இதை நீயே கேட்டு வாங்கு.

கடலில் விழுவது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதே. ஒருமுறை தாய்லாந்தின் ரோக் தீவுகளில் விடியற்காலையில் உன் அத்தானுக்குச் சிறுநீரகக் கல் வலி வந்தது. எவ்வளவு வலி தாங்குகிற மனிதர், உனக்கே தெரியும். அன்று படகின் தரையில் சுருண்டு படுத்துவிட்டார், வாந்தி வேறு. பக்கத்து மிதவையில் கட்டியிருந்த படகும் முந்தின நாளே கிளம்பிவிட்டது. நான்தான் மிதவையை அவிழ்த்து, இயந்திரத்தைப் போட்டு, லந்தா தீவின் வடக்கு முனையில் இருக்கும் சலாதான் துறைக்குப் படகைக் கொண்டுபோனேன். சுமார் 25 கடல் மைல், ஐந்து மணி நேரத்துக்கும் மேல். போகும் வழியில் மீனவர் வலைகளின் மிதவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக வேண்டியிருந்தது. சில மூங்கில் கொடியோடு நிற்கும், சில வெறும் பிளாஸ்டிக் பாட்டில். மணிக்கொருதரம் படகின் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கி அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு மேலே வந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வரைபடத்தைப் படிக்கவும், ஆழமானியைப் பார்க்கவும், நங்கூரம் போடவும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் போயிருந்தால் அந்தக் காலை எப்படிப் போயிருக்கும் என்று நான் யோசிக்க விரும்புவதே இல்லை.

சரி, இப்போது உங்கள் பாதைக்கு வருகிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதம் அருமையானது. நவம்பரிலிருந்து மார்ச் கடைசி வரை வடகிழக்குக் காற்று தீபகற்பத்தின் நிலப்பக்கத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையிலிருந்து வருவதால் அந்தக் காற்றுக்குப் பெரிய அலை எழுப்ப இடமில்லை. பாய் நிறையக் காற்று இருக்கும், கடல் தட்டையாகக் கிடக்கும். படகோட்டிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மே மாதத்துக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். தென்மேற்குக் காற்றோடு இந்தியப் பெருங்கடலின் அலை நேராக வந்து தீவுகளின் மேற்குக் கரைகளில் மோதும். அந்தப் பருவத்தில் விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்று கறுத்துக்கொண்டு வரும். அதைப் பற்றி நீங்கள் இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்.

லங்காவியில் துறைமுக அலுவலகம், கஸ்டம்ஸ், இமிகிரேஷன் மூன்றிலும் வெளியேறும் பதிவு செய்ய வேண்டும். தாய்லாந்து நுழைவுக்குப் புக்கெட்டின் சாலோங் விரிகுடாவில் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நுழைவுப் பதிவுக்கு முன் வழியில் எங்கெல்லாம் தங்கலாம் என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதக் கட்டு உன் கையில் இருக்கட்டும்.

லங்காவியை விட்டதும் வடக்கே ஒரு பெரிய பச்சை மலைத்தீவு தெரியும். அதுதான் தாருதாவ், லங்காவிக்கு ஒரு கூப்பிடு தூரம். 1930-களின் கடைசியில் சயாம் அரசு அங்கே சிறைமுகாம் அமைத்தது, அரசியல் கைதிகளையும் கொண்டுவந்து அடைத்தது. 1939-ல் அவர்களில் ஐந்து பேர் படகில் தப்பி லங்காவிக்கு வந்து சேர்ந்தார்கள். போர்க்காலத்தில் உணவும் மருந்தும் வராமல் போகவே, காவலர்களும் கைதிகளும் சேர்ந்து கடற்கொள்ளையில் இறங்கினார்கள். 1946-ல் பிரிட்டிஷ் கடற்படை வந்துதான் அதை அடக்கியது. 1974-லிருந்து அந்தத் தீவும் சுற்றுவட்டாரமும் கடல் தேசியப் பூங்கா. நீங்கள் நீந்தவும் மீன் பார்க்கவும் போகிற கடலில் இப்படியெல்லாம் நடந்திருக்கிறது.

அங்கிருந்து மேற்கே லிப்பே. லங்காவியிலிருந்து சுமார் 30 கடல் மைல், விடியலில் கிளம்பினால் மதியம் போய்ச் சேரலாம். சீசனில் விரைவுப் படகுகள் நெரியும். அந்தத் தீவின் பூர்வகுடிகள் உராக் லவோய் மக்கள், காலங்காலமாக இந்தக் கடலிலேயே வாழ்ந்தவர்கள். அவர்களுடைய நீள்வால் படகுகளுக்கு வழிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். லிப்பேவுக்கும் எதிரே இருக்கும் அடாங் தீவுக்கும் நடுவில் நீரோட்டம் வேகம். குளிக்க இறங்கும் முன் ஒரு கயிற்றைப் பின்னால் மிதக்கவிட்டுப் பார். கயிறு விறைத்து நீண்டு நின்றால் இறங்க வேண்டாம்.

நங்கூரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பயணத்தில் நிம்மதியான தூக்கமெல்லாம் இதில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் மூன்று மீட்டர் வரை போகும். நீங்கள் வற்று நேரத்தில் வந்து 6 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போடுகிறீர்கள் என்று வை. இன்னும் இரண்டரை மீட்டர் தண்ணீர் ஏறும், படகின் முன்பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர். ஆக ஒன்பதரை. அந்த உயரத்தைப்போல் ஐந்து மடங்கு, சுமார் 48 மீட்டர் சங்கிலி விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும். வெறும் ஆறை ஐந்தால் பெருக்கி 30 மீட்டர் விட்டால், நள்ளிரவில் படகு மெதுவாக நகர ஆரம்பிக்கும். சங்கிலி விட்ட பிறகு இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி, கையைச் சங்கிலிமேல் வை. நங்கூரம் மணலில் ஊன்றிவிட்டால் சங்கிலி இறுகி அசையாமல் நிற்கும். பிடிக்காமல் இழுபட்டால் கடகடவென்று ஓர் அதிர்வு கைக்கு ஏறும். ஒருமுறை தொட்டுவிட்டால் அந்த வித்தியாசம் மறக்காது. நீ ஒருநாள் சுக்கானில் நில், மறுநாள் முன்பக்கம் நில். இரண்டும் உனக்கு வர வேண்டும். இருவரும் கத்திக்கொள்ளாமல் கையசைவிலேயே பேசக் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அமைதிக்கு அது பெரிய உதவி.

நேரக் கணக்கையும் மறக்காதே. தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கைக்கடிகாரம் மலேசிய நேரத்திலும் நீரேற்றப் பட்டியல் தாய்லாந்து நேரத்திலும் இருந்தால் எல்லாமே ஒரு மணி தப்பாகும். வழியில் வரும் முக் தீவில் இது நேரடியாக உயிர் சம்பந்தப்பட்டது. அங்கே மரகதக் குகை இருக்கிறது. பாறைக்குள் சுமார் 80 மீட்டர் இருட்டுச் சுரங்கம், நீந்திப் போனால் நான்கு பக்கமும் செங்குத்துப் பாறை சூழ்ந்த ஒரு குட்டிக் கடற்கரையில் கொண்டுபோய் விடும். ஏற்றம் நிறையும்போது வாயில் தாழ்ந்துவிடும். வற்று நேரத்தை நீயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கையில் விளக்கோடு, காலையில் கூட்டம் வருவதற்கு முன் போ. பயணத்தில் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதே.

பூங்கா எல்லைக்குள் பவளத்தின்மேல் நங்கூரம் போடக் கூடாது, மிதவையில்தான் கட்ட வேண்டும். வழக்கமான சன்ஸ்கிரீனையும் எடுத்துப் போகாதே. ஆக்ஸிபென்சோன் போன்ற நான்கு ரசாயனங்கள் கலந்தவற்றை 2021-லிருந்து கடல் பூங்காக்களில் தடைசெய்திருக்கிறார்கள். மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும். ஜெல்லிமீனுக்கு ஒரு பாட்டில் வினிகர் வை. இரவில் ஓட்டவே வேண்டாம். கணவாய் மீன் பிடிக்கும் படகுகளின் பச்சை வெளிச்சம் வெகுதூரத்திலிருந்தே தெரியும், ஆனால் அவற்றைச் சுற்றியிருக்கும் வலைகள் தெரியாது.

பீ பீ தீவுகளைத் தாண்டி சாலோங் போய்ச் சேர்ந்ததும் ஓய்வெடுங்கள். நேரமிருந்தால் கரை வழியே வடக்கே தகுவா பா வரை போய் வாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் அது. அவனிநாரணம் என்று பெயரிட்டு ஒரு குளம் வெட்டியதையும், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினர் அதன் காவலில் பங்கெடுத்ததையும் அது சொல்கிறது. நம் கெடாவை, அன்றைய கடாரத்தை, தேடி 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் ஆட்கள் இந்தக் கரையில் குளம் வெட்டிக் குடியிருந்திருக்கிறார்கள். காற்று திரும்பும் மாதத்தைப் பார்த்துத்தான் அவர்களும் பாய் விரித்திருப்பார்கள். அங்கே போய் நிற்கையில் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, வானதி.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை எனக்கு ஒதுக்கு. கோலா பெர்லிஸிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்துவிடு, ஜெத்தியில் நான் காத்திருக்கிறேன். மாப்பிள்ளையையும் கூட்டி வா, ஆனால் அன்று முழுக்க அவர் வாயைத் திறக்கக் கூடாது, கையையும் நீட்டக் கூடாது. துறையிலிருந்து படகை எடுப்பது, பாய் ஏற்றுவது, நங்கூரம் போடுவது, திரும்பக் கொண்டுவந்து கட்டுவது எல்லாம் நீதான். நடுக்கடலில் நான் மிதவை வளையத்தை எறிவேன், அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதும் நீதான். கயிறு கையை அறுக்கும், கையுறை எடுத்து வா. தேதியை மட்டும் சீக்கிரம் சொல், உன் அத்தான் படகின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா