லைட்மேன் அண்ணனுக்கு ஒரு நன்றி

1999இல் டிவியில் நான் தொகுத்து வழங்கிய ஒரு நேரலை போன்-இன் நிகழ்ச்சி, நேயர்கள் போன் போட்டுப் பேசுவது. லைனில் யாருமே இல்லை, கன்ட்ரோல் ரூமிலிருந்து சொல்வதைக் கேட்கக் காதில் மாட்டியிருந்த டாக்பேக்கும் செத்துப்போனது. நான் உளறத் தொடங்கியபோது, கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற லைட்மேன் ஒருவர் உள்ளங்கையை மெல்ல இறக்கிக் காட்டினார். நிதானம். அப்புறம் மூன்று விரல்: மூன்று நிமிடம் இழு. எங்கள் பாட்டி முதன்முதலாக டெலிபோன் பேசிய கதையைச் சொல்லி இழுத்தேன்.

சமையல், வினாடி வினா, தேர்தல் விவாதம் என்று எல்லாம் தொகுத்து, கடைசியில் தயாரிப்பாளரும் ஆனேன். (வியாழக்கிழமை டிஆர்பி, அதாவது நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு, வரும்போது வயிறு கலங்குவது தனிக்கதை.) முதல் படப்பிடிப்பில் அதே அண்ணன். "மானிட்டரை அப்புறம் பாரும்மா, யூனிட்டுக்கு டிபன் வந்துச்சான்னு முதல்ல பாரு" என்றார். இன்றும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை, என் தப்புதான். ரொம்ப நன்றி, அண்ணே.