ரோஸ்கோன் கேக் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஸ்பெயின் மக்களின் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு (குழந்தை இயேசுவைக் காண ஞானியர் மூவர் வந்ததன் நினைவு நாள்) ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அதில் வந்த ‘ரோஸ்கோன்’ செய்முறைப்படி செய்தால் வளைய வடிவக் கேக்தான் கிடைக்கும். ஜனவரி 6 அன்று அங்கே வீடுதோறும் வெட்டுவது, பேக்கிங் பவுடர் சேராமல் ஈஸ்டில் இருமுறை பொங்கிய ரொட்டி.

அரை கிலோ மாவுக்கு 100 கிராம் சர்க்கரை, 80 கிராம் வெண்ணெய், 2 முட்டை, 120 மில்லி பால், 8 கிராம் உலர் ஈஸ்ட், ஒரு சிட்டிகை உப்பு, துருவிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் போதும். 2 மேசைக்கரண்டி ஆரஞ்சுப்பூ நீரும் வேண்டும். ரோஸ்கோனின் மணமே அதுதான், வெனிலா அதற்கு ஈடாகாது. சாதாரண மைதாவைவிடப் புரதம் கூடிய ரொட்டி மாவு நல்லது. வெண்ணெயைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவைப் பூசிக்கொண்டு, இழுவை வராமல் தடுக்கும். சர்க்கரையும் கொழுப்பும் ஈஸ்டை மந்தமாக்குவதால், மாவு இரு மடங்காக 2 மணி நேரம்கூட ஆகலாம். அவசரப்பட்டால் ரொட்டி கல்லாகிவிடும்.

நடுத்துளையைத் தாராளமாக விடுங்கள். இரண்டாம் முறை பொங்கும்போது அது மூடிக்கொள்ளும். எண்ணெய் தடவிய சிறு தகர வளையத்தை நடுவில் வைப்போரும் உண்டு. மேலே முட்டை தடவி, சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகளையும், சில சொட்டு நீர் தெளித்துப் பிசிறிய சர்க்கரையையும் தூவி, 180 டிகிரியில் சுமார் 20 நிமிடம் சுட வேண்டும்.

ரோஸ்கோனுக்குள் ஒரு சிறு பொம்மையையும் ஓர் உலர்ந்த அவரை விதையையும் ஒளித்துவைப்பது வழக்கம். அந்தப் பொம்மையை மாவிலேயே வைத்துச் சுடச் சொன்னது ஆபத்து. பிளாஸ்டிக் என்றால் உருகும். ரொட்டி ஆறியபின் அடிப்புறம் கீறிச் செருகுங்கள். குழந்தைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்பெயினில் பொம்மை கிடைத்தவருக்குக் காகித மகுடம். அவரை விதை கிடைத்தவர் ரொட்டிக்குக் காசு தர வேண்டும்.

மெக்சிகோ வழக்கம் வேறு. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. அங்கே ‘ரோஸ்கா’ எனப்படும் இந்த ரொட்டி பெரும்பாலும் நீள்வட்டம். உள்ளே இருப்பது குழந்தை இயேசு பொம்மை. குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது மன்னனின் கண்ணில் படாமல் மறைத்ததன் நினைவு என்பார்கள். அது யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாளன்று எல்லோருக்கும் தமாலே எனும் மக்காச்சோளக் கொழுக்கட்டை படைக்க வேண்டும். பழைய செய்முறைகளில் வரும் ‘அசித்ரோன்’ என்னும் இனிப்புத் துண்டு, பிஸ்னாகா கள்ளியிலிருந்து எடுப்பது. மிக மெதுவாக வளரும் அந்தச் செடி அருகிவருவதால் விற்பனைக்குத் தடை உண்டு. இப்போது கொய்யா அல்லது சீமைமாதுளைப் பழக்கட்டியைக் கீற்றாக வெட்டி வைக்கிறார்கள்.

தமாலேக்கு, சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவைப் பன்றிக்கொழுப்புடன் அடிப்பார்கள். சிறு உருண்டை தண்ணீரில் மிதந்தால் பதம். மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். ஊறவைத்த சோளமடலில் பொதிந்து, திறந்த முனை மேலே இருக்க நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆவியில் வேகவிடுவார்கள். பானையின் அடியில் ஒரு நாணயம் கிடக்கும். அதன் கடகட ஓசை நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, வெந்நீர் ஊற்ற வேண்டும்.

அடுத்த ஜனவரிக்கு முன் திருத்திய செய்முறையை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்