செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: பள்ளிப் பெஞ்சுகளைப் பழுது பார்த்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசகசாலைக்கு நாளிதழ்கள் தடையில்லாமல் வந்தன. பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் நல்லபடியாக நடந்தன. குளத்தின் படித்துறையை இரண்டு முறை சுத்தம் செய்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இனி நான் சொல்லப் போவதெல்லாம் பெஞ்சும் டெஸ்கும் பற்றித்தான். இந்த ஆண்டு நம் சனிக்கிழமைகளையெல்லாம் எடுத்துக்கொண்ட வேலை அது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் இல்லாத ஊர் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பள்ளிக்குப் புதிய இரும்பு டெஸ்க் வந்து இறங்கினால், பழைய மரப் பெஞ்சுகள் கழிப்பறைச் சுவர் ஓரமாகப் போய் அடுக்கப்படுகின்றன. இங்கே ஆண்டுக்கு இரண்டு பருவமழை. இரண்டிலும் நனைந்தால் அடியிலிருந்து செல்லரிக்கத் தொடங்கும். அதே நேரத்தில் நான்கு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டு இடத்தையும் சேர்த்துவைக்க வேண்டும் என்பதுதான் சென்ற பொதுக்குழுவின் தீர்மானம்.

எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு பெஞ்சின் காலைக்கூட நாம் கழற்றவில்லை. அரசுப் பள்ளிச் சாமான் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கும்; நினைத்தபடி வெளியே தூக்கிக் கொடுக்க முடியாது. அதனால் அங்கே எடுத்ததைச் சரி செய்து அதே பள்ளிக்கே திருப்பிக் கொடுத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட தாளோடுதான் டெம்போ கிளம்பியது. உதவி பெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் தாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த பள்ளிகளுக்குப் போனவை அவைதான்.

தொடக்கத்திலேயே ஒரு தவறு செய்தோம். அதை மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். மே கடைசி வாரத்தில் பெஞ்சுகளை எடுக்கத் திட்டமிட்டிருந்தோம். வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை 2025இல் மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. நாம் எடுக்கப் போனபோது பெஞ்சுகள் ஊறிக் கிடந்தன. ஜூன் 2 பள்ளி திறப்பு. பிள்ளைகள் வரும்போது பெஞ்சு இருக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஈரத்தோடே இழைத்து, ஆணி அடித்து, வார்னிஷும் பூசிவிட்டோம். நம் ஆசாரி அண்ணன் அப்போதே சொன்னார்: "சார், இது நனைஞ்ச மரம். இப்ப இறுக்கினா மாசி வெயில்ல பல்லிளிக்கும்." அப்படியே ஆனது. மரம் காய்ந்து சுருங்கியதும் கழுந்துகள், அதாவது துளைக்குள் இறங்கும் மர முனைகள், துளையில் தளர்ந்து, உட்கார்ந்தாலே ஆடின. அந்தப் பெஞ்சுகள் அத்தனையையும் திரும்ப வாங்கி, பிரித்து, மறுபடி செய்து கொடுத்தோம். அவர் பேச்சைக் கேட்காமல் அவசரப்படுத்தியது நான்தான்.

அப்புறம் வந்தவற்றை வாசகசாலைத் திண்ணையில் செங்கல் மேல் அடுக்கி, பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு நிழலில் உலர்த்தினோம். வெயிலில் நேரடியாகப் போட்டால் வெடிக்கும்.

ஒரு பெஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சை பெயிண்ட் மூன்று அடுக்கு அப்பியிருந்தது. கால் இரண்டும் மண்ணோடு மண்ணாக உளுத்திருந்தன. விறகுக்கு என்று ஒதுக்கியிருந்தோம். ஆசாரி அண்ணன் அடிப்பக்கத்தில் உளியை வைத்து ஒரு சீவு சீவினார். உள்ளே மஞ்சள் பழுப்பில் பளபளவென்று அயனி மரம். ஒரே பலகை, நடுவில் ஒட்டு இல்லை. இணைப்புகளில் ஒரு இரும்பு ஆணிகூட இல்லை. எல்லாம் மர ஆணி. டெஸ்க் பக்கம் மைக்கூடு வைக்க வட்டமாக ஒரு துளை, அதைச் சுற்றி நீல மை ஊறிய கறை. இப்படி ஒரு பலகை இன்று கடையில் வாங்கப் போனால் என்ன விலை என்று அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் தெரியும். கால்கள் மட்டும் புதிதாகப் போட்டோம். மைக்கறையை நீக்க வேண்டாம் என்று பிள்ளைகளே சொன்னதால் அப்படியே விட்டுவிட்டோம்.

கால்களுக்கு மரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பது ரப்பர் மரம். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். மருந்து ஏற்றாத பச்சை ரப்பர் தடியில் பூஞ்சணமும் வண்டும் உடனே ஏறும். முதலில் சோதனைக்காக வைத்த நாலு கால்களின் அடியில் சில மாதங்களிலேயே மாவு கொட்டியது. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிய மரமாக இருந்தால் மட்டுமே ரப்பர் என்று முடிவு செய்தோம். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயலில் சாய்ந்த பலாவையும் அயனியையும் அறுத்து மச்சில் போட்டிருந்த உறுப்பினர்கள் சிலர், அந்தப் பலகைகளைத் தாமாகவே கொண்டுவந்து தந்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி. கால்களின் அடியில் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில், கிடைக்கும் முந்திரித் தோட்டு எண்ணெயைத் தடவினோம். செல்லுக்கு, அதாவது கரையானுக்கு, நம் ஊர் பழைய மருந்து அது. கையில் பட்டால் பொள்ளும். அதனால் பெரியவர்கள் மட்டும், உறை போட்டுத்தான்.

கடலோரப் பள்ளிகளிலிருந்து வந்தவை இரும்பு டெஸ்குகள். உப்புக் காற்று ஒரு காரணம் என்றாலும், பெரிய கேடு காலடியில் இருக்கிறது. குழாயின் நுனியிலுள்ள ரப்பர் புஷ் கழன்று விழுந்ததும், தரை கழுவும் தண்ணீர் உள்ளே ஏறி, உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும், அழுத்தினால் பொடிந்துவிடும். நாலு காலிலும் துருப்பிடித்த அங்குலங்களைச் சமமாக அறுத்துவிட்டோம். உயரம் குறைந்த டெஸ்கை இரண்டாம், மூன்றாம் வகுப்புக்குக் கொடுத்தோம். அங்கே பெரிய டெஸ்கில் கால் எட்டாமல் தொங்கவிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இப்போது பாதம் தரையில் படுகிறது. ஈரத்தில் ஊதிப்போன பலகையை எடுத்துவிட்டு, உடைந்த பெஞ்சுகளின் நல்ல மரத்தை மேலே பூட்டினோம். அப்படி ஒரு பள்ளியின் மரமும் இன்னொரு பள்ளியின் இரும்பும் சேர்ந்து பல டெஸ்குகள் ஆகின.

பெயிண்ட் விஷயத்தில் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசிய எனாமலில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? காயவைத்து உரசினால் அந்தத் தூசு பிள்ளைகளின் மூச்சுக்குள் போகும். எனவே பழைய பெயிண்ட் உள்ள எதையும் மாணவர்களிடம் கொடுக்கவில்லை. பெரியவர்கள் முகக்கவசம் கட்டி, தண்ணீர் விட்டு ஈரமாகவே உரசினோம். அந்தச் சிராய்களை அடுப்பெரிக்க யாருக்கும் கொடுக்கவும் இல்லை. இதை நமக்கு எடுத்துச் சொன்னது ஒரு அறிவியல் ஆசிரியை. அவர் சொல்லாவிட்டால் நாம் பிள்ளைகள் கையில் உப்புத்தாளைக் கொடுத்திருப்போம்.

பெயிண்ட் போன பிறகு வரும் வெறும் மரம் மாணவர்களுக்கு. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சனிக்கிழமை காலையில் ஆசிரியர்களோடு வந்தார்கள். "மக்களே, ரேகை போற பக்கமா தேய்க்கணும், குறுக்கே தேய்ச்சா கீறல் விழும்" என்று ஆசாரி அண்ணன் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டினார். ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி, கழுந்து துளையில் சரியாக இறங்கியபோது வரும் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலைக் கையிலிருந்து விடவில்லை. ரம்பமும் மின்சாரக் கருவிகளும் பெரியவர்கள் கையில் மட்டுமே இருந்தன.

2025 ஜூலையில் வகுப்பறைகளில் பிள்ளைகளை 'ப' வடிவில் உட்கார வைப்பது பற்றித் தமிழ்நாடு முழுக்கப் பேச்சு எழுந்தபோது, நீளப் பெஞ்சுகளை இனி யார் கேட்பார்கள் என்று சிலர் தயங்கினீர்கள். நீளப் பெஞ்சை இரண்டாக அறுத்து, இருவர் உட்காரும் அளவில் செய்து பார்த்தோம். ஆசிரியர்கள் அதையே அதிகம் கேட்கிறார்கள். ஒரு பிள்ளையே இழுத்து எப்படியும் போடலாம். வரும் ஆண்டு இந்த அளவிலேயே செய்யலாம் என்பது என் கருத்து.

அடுத்த முறை ஏப்ரல் தேர்வு முடிந்த கையோடு பெஞ்சுகளை எடுத்துவிட வேண்டும். மே மழையை இனி நம்ப முடியாது. அதற்கு மழை படாத, காற்று வரும் திண்ணையோ களமோ இரண்டு மாதத்துக்குத் தேவை. வாசகசாலைத் திண்ணை போதவில்லை. டெம்போ வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை தந்தால் வாடகை மிச்சம். வெல்டிங் தெரிந்த ஒருவரும் வேண்டும். முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்