ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவர்களுக்கு

எனக்குத் துணையாக நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

விருத்தாசலத்தில் 22 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் அளவு எனக்கு மனப்பாடம். என் மார்பில் கட்டி வந்ததும் எனக்குத் தெரியாமல் இல்லை. தீபாவளித் துணி முடியட்டும், பொங்கல் துணி முடியட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். முதலில் காட்டிய இடத்தில் "கொழுப்புக் கட்டியா இருக்கும்" என்றார்கள். அது எனக்கும் வசதியாகப் போய்விட்டது.

விடாதவர் என் சம்பந்தியம்மா. "நீங்க வர்றீங்களா, நான் வந்து கூட்டிட்டு வரட்டுமா?" என்று சைதாப்பேட்டையிலிருந்து தினமும் போன். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட்டிப்போனார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் மாதக்கணக்கில் போய்த் தங்குவதா என்று எனக்கு ஒரே கூச்சம். "நீங்க பொண்ணு வீட்டுக்கு வரல, என் வீட்டுக்கு வந்திருக்கீங்க" என்று சொல்லி ரசத்தை ஊற்றினார். அதற்குமேல் அந்தப் பேச்சே எழவில்லை.

வலது பக்கம் எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து. இனி அந்தக் கையில் ரத்தம் எடுக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்றார்கள். நான் கத்தரி பிடிக்கும் கை அது. பயிற்சி சொல்லித்தர வந்த தங்கச்சி சுவரில் விரலால் படிப்படியாக ஏறச் சொல்லி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். "தோள் உயரம் வந்தா ஜாக்கெட் வெட்டலாம், தலைக்கு மேல போனா சுடிதார் வெட்டலாம்" என்பார். சுடிதாரும் வெட்டியாச்சு, தங்கச்சி.

பிறகு கீமோ. சிவப்பு மருந்து நான்கு தடவை, 21 நாளுக்கு ஒன்று. முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து அலறிவிட்டேன். மருந்தின் நிறம்தான் அது என்று நர்ஸம்மா கழிப்பறை வாசலிலேயே நின்று விளக்கினார். அவருக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். என் தொழில் என்ன என்று தெரிந்த அடுத்த தடவையே ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, "அக்கா, இந்தக் கைத்துளை ஏன் இழுக்குது?" என்றார். இடது கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, நான் தையலைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் வாந்தி எடுத்தேனா என்பதே நினைவில்லை. அந்த ஜாக்கெட்டில் உண்மையிலேயே கோளாறு இருந்ததா, என்னைப் பேசவைக்கக் கொண்டுவந்தாரா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. கோளாறு இருந்தது, ஆனால் சின்னது.

அங்கே காத்திருக்கும்போது ஒரு பெரியவர் சொல்லித்தான் தெரியும், அந்த ஆஸ்பத்திரி 1954ல் 12 படுக்கையோடு தொடங்கியதாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் போனது 1923ல். அந்தத் துக்கத்தை முப்பது வருடம் மனதில் வைத்திருந்து கட்டியிருக்கிறார். டாக்டர் சாந்தா 1955ல் வந்து சேர்ந்து, 2021ல் கண்ணை மூடும்வரை அந்த வளாகமே வீடாக இருந்தாராம். அவர்களை நான் பார்த்ததில்லை. அந்தக் கட்டிலில் படுத்தவள் என்ற முறையில் அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

ரயிலைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே கிடையாது. துணைக்கு வருபவருக்குக் கால்வாசிதான். இது தெரியாமல் இரண்டு தடவை முழுக் காசு கொடுத்தோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற திண்டிவனத்துத் தம்பி, தன் அம்மாவை உட்காரவைத்துவிட்டு வந்து எங்களுக்குச் சான்றிதழ் வாங்கித் தந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. தம்பி, அம்மா நல்லா இருக்காங்களா?

கரண்ட் வைத்தது 15 நாள். கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்கிறோம். என் மேல் மார்க்கரால் கோடு போட்டு, "அழியாம பாத்துக்கங்கம்மா" என்றார் அங்கிருந்த பையன். எத்தனை துணியில் சாக்பீஸால் கோடு போட்டிருப்பேன்! என்மேலேயே கோடு விழுந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து "டெய்லரம்மா, வாங்க" என்றுதான் கூப்பிட்டார்.

அதற்கு முன்னால், வாரா வாரம் ஏற்றிய 12 கீமோ ஊசியில்தான் நான் உடைந்துபோனேன். முடி போனதுகூடப் பெரிதில்லை. விரல் நுனி மரத்துவிட்டது. தையல் ஊசி கையில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மருந்தின் வேலை அது, மெதுவாகக் குறையும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஊருக்கு வந்தபோதெல்லாம் எதிர்வீட்டு ஏழாம் வகுப்புக் குட்டி, பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பத்து ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுப் போகும். யாரும் சொல்லி வரவில்லை.

தன் மகன் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த சீட்டை எனக்கு முதலில் விட்டுக்கொடுத்த பூக்கார அக்கா, கடை திறக்கும் முன் வீட்டுக்கு வந்து தலையை மழித்துவிட்டுக் காசு வாங்க மறுத்த அண்ணன், எனக்கு ரத்தம் கொடுத்த முகம் தெரியாத கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றி. என் வீட்டுக்காரருக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் வைத்த சாம்பாரைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லாமல் விடுகிறேன்.

கடைசியாக, துணி கொடுத்துவிட்டு எட்டு மாதம் கேட்காமலே இருந்தவர்களுக்கு: 11 ஜாக்கெட் தயார். கொக்கி வைக்க வேண்டியது இன்னும் 4. கூலி பழைய கூலிதான். அளவு ஜாக்கெட்டோடு வாருங்கள். உங்களில் சிலருக்கு என் மனப்பாடம் இப்போது பத்தாது.